ஆள் இல்லாத பம்ப்

ஏப்ரல் 10, வியாழன். காற்று: கடலிலிருந்து கொண்டல், லேசாக.

'செங்குதிரை' இன்று வெளியானது. காலைக் காட்சிக்கு நானும் என் மனைவி சொர்ணமும் போனோம். பெயரைக் கேட்டு யாரும் குதிரைப் படம் என்று நினைத்துவிடக் கூடாது. தீயணைப்பு வண்டியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். முப்பத்திரண்டு வருடம் அந்த வண்டியோடு கிடந்தவன் நான். தூத்துக்குடி நிலையத்தில் ஒருவன்கூட அதைக் குதிரை என்று சொன்னதில்லை. வண்டி என்போம். அவ்வளவுதான்.

ஆலோசகர் என்று சொல்லி ஒன்பது நாள் என்னைச் சென்னையில் வைத்திருந்தார்கள். நான் சொன்ன திருத்தங்கள் நாற்பத்தேழு. குறித்து வைத்திருக்கிறேன். கேட்டுக்கொண்டது மூன்று. பூட்ஸின் மேல் கால்சட்டையை மடித்து, கால் நுழைத்தால் போதும் என்கிற மாதிரி வரிசையாக வைத்திருப்பது ஒன்று. தீ அணைந்ததும் பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணுவது இரண்டு. திரும்பி வந்து ஹோஸைக் கழுவி உயரத்தில் காயப்போடுவது மூன்று. மற்றபடி கதாநாயகன் தண்ணீர் சீறுகிற ஹோஸை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் பதினெட்டு பேரை அடிக்கிறான். அந்த அழுத்தத்தில் இரண்டு பேர் பிடித்தாலே தள்ளிக்கொண்டு போகும். சொன்னேன். சிரித்தார்கள்.

கடைசியில் நன்றி சொல்லும் அட்டையில் என் பெயர் வந்ததாம். "வந்துட்டு, வந்துட்டு!" என்று சொர்ணம் எழுந்தே நின்றுவிட்டாள். நான் கண்ணாடியைப் போடுவதற்குள் போய்விட்டது.

ஒரு காட்சியைப் பற்றி எழுத வேண்டும். இன்று வேண்டாம்.

ஏப்ரல் 11, வெள்ளி. காற்று இல்லை.

குடிதண்ணீர் வரும் நாள். ஆறு நாளுக்கு ஒரு முறை. கீழ்த்தொட்டியிலிருந்து மேலே ஏற்ற நாற்பது நிமிடம் மோட்டார் ஓட வேண்டும். அது ஓடும்போது நான் பக்கத்தை விட்டு நகர மாட்டேன். ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன்.

"காப்பி போட்டாச்சு. உள்ள வந்து குடிங்க" என்றாள் சொர்ணம்.

"மோட்டார் ஓடுது."

"அது என்ன கட்டிக் குடுக்கப் போற பொண்ணா, அங்கன இங்கன பாத்துட்டு ஓடிப் போவ? சூடா ஒரு வா காப்பி குடிச்சு எத்தன வருசமாச்சு நீங்க?"

ஆறிய காப்பிதான் குடித்தேன். அதில் ஒன்றும் குறைவில்லை.

அந்தக் காட்சி. படத்தில் கதாநாயகன்தான் பம்ப் இயக்குகிறவன். நானும் அதுதான். கட்டிடம் எரிகிறது. அவன் சிநேகிதன் உள்ளே பிராஞ்ச் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஹோஸின் முனையில் இருக்கிற பித்தளைக் குழலை பிராஞ்ச் என்போம். கூரை சரிகிறது. இவன் பம்பை விட்டுவிட்டு உள்ளே ஓடுகிறான். நிதானமாக, தலைமுடி பறக்க ஓடுகிறான். சிநேகிதனைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வருகிறான். தியேட்டரில் விசில்.

அவ்வளவு நேரமும் ஆள் இல்லாத பம்பிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது!

வண்டி கிணற்றிலிருந்து தண்ணீர் உறிஞ்சும்போது பம்ப்காரனின் கண் அழுத்தம் காட்டும் கேஜை விட்டு அகலக் கூடாது. உறிஞ்சுகிற குழாயில் கொஞ்சம் காற்றுப் புகுந்தால் போதும், கண் மூடித் திறப்பதற்குள் தண்ணீர் நின்றுவிடும். உள்ளே இருப்பவனுக்கு அந்தத் தண்ணீர்தான் சுவர். அது இல்லையென்றால் தீக்கும் அவனுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. ஆகவே கூடப்பிறந்தவன் உள்ளே இருந்தாலும் பம்ப்காரன் பம்பை விட்டுப் போகக் கூடாது. சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக் கொடுப்பது இது.

படப்பிடிப்பில் இரண்டு மணி நேரம் சண்டை போட்டேன். இயக்குநர், "ஐயா, இந்த எடத்துல ஜனம் எந்திரிச்சு நிக்கணும். கேஜப் பாத்துக்கிட்டு நின்னா யாரு எந்திரிப்பா?" என்றான். எண்பத்தேழாம் வருடம் பஞ்சு மூட்டை அடுக்கியிருந்த கிட்டங்கி எரிந்ததைப் பற்றி அவனுடைய உதவியாளர்களிடம் நான் விவரமாகச் சொல்லியிருந்தேன். இதைச் சொல்லவில்லை. நான் சொல்லாததை அவர்களாகவே எழுதிக்கொண்டார்கள்.

ஏப்ரல் 12, சனி. கொண்டல்.

பத்திரிகைக்காரர்கள் படத்தைக் கிழித்துவிட்டார்கள். சொர்ணம் போனில் ஒவ்வொன்றாக வாசித்தாள். "இரண்டே முக்கால் மணி நேரம் எரிந்தது நம் பொறுமை" என்று ஒருவர். "தீயைவிடப் பின்னணி இசை அதிகம் சுடுகிறது" என்று ஒருவர். "ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். அதில் ஒன்று வண்டிக்கு" என்று ஒருவர். இவர் நல்ல மனிதர்.

சென்னை நாளிதழில் வைதேகி என்ற பெண் எழுதியிருப்பதுதான் உருப்படியான விமர்சனம். பூட்ஸ், ஆள் எண்ணுதல், ஹோஸ் காயப்போடுதல், இந்த மூன்று இடங்களில் மட்டும் படம் உண்மையைத் தொடுகிறது என்கிறாள். விவரம் தெரிந்த யாரோ ஒருவர் பக்கத்தில் இருந்திருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறாள். கத்தரித்து ஒட்டி வைத்தேன். எட்டாம் வகுப்போடு நின்று, அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் இருந்த தீயணைப்புப் பயிற்சி நூலைத் தானாகப் படித்தவனுக்கு இது போதும்.

அதற்கு அடுத்த பத்தி: "பம்ப் இயக்குபவர் பம்பை விட்டு ஓடுவது படத்தின் ஆகப் பெரிய பொய். பயிற்சி பெற்ற எவரும் அப்படி ஓட மாட்டார்."

சரியாகத்தான் எழுதியிருக்கிறாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு.

சரியாக எழுதவில்லை. அந்தக் கடைசி வாக்கியம் தப்பு. திருத்தச் சொல்லிக் கடிதம் எழுதி, போன் நம்பரும் போட்டேன். சொர்ணம் அதைப் படம் பிடித்து மின்னஞ்சலில் அனுப்பினாள்.

ஏப்ரல் 14, திங்கள். மேற்கிலிருந்து கச்சான், வெயில் கடுமை.

தமிழ் வருடப் பிறப்பு. எங்களுக்கு அதற்கு முன்னால் இது நீத்தார் நினைவு நாள். பணியில் இறந்தவர்களுக்காக நிலையத்தில் மலர் வளையம் வைப்பார்கள். ஓய்வுபெற்றவர்கள் நாங்கள் ஒரு வரிசையாக நிற்போம்.

செலஸ்தினா மதினி வந்திருந்தார்கள். முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு வருடம் தவறியதில்லை. சூசைமிக்கேலின் மனைவி. சூசை என்னைவிட ஒரு வயது மூத்தவன், அதனால் அவர்கள் எனக்கு மதினி. எண்பத்தேழில் பஞ்சுக் கிட்டங்கி எரிந்தபோது உள்ளே பிராஞ்ச் பிடித்தவன் அவன். வெளியே பம்பில் நான். நான்கு நிமிடம் தண்ணீர் தடைப்பட்டது. 'பம்ப் பழுது' என்று அறிக்கையில் இருக்கிறது. சூசை வரவில்லை. மதினிக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. தாலுகா அலுவலகத்தில் வேலை கொடுத்தார்கள். ஓய்வும் பெற்றுவிட்டார்கள்.

நிலைய அலுவலர் ஒரு அறிவிப்புச் செய்தார். 'செங்குதிரை'க்குக் கூட்டம் வரவில்லையாம். தியேட்டர்காரர் 22ஆம் தேதி பகல் காட்சியைத் தீயணைப்புக் குடும்பங்களுக்கு இலவசமாக விடுகிறார். யாரும் பார்க்காத படத்தை எங்கள் தலையில் கட்டுகிறார் என்றுதான் அர்த்தம்.

மதினி என் பக்கம் வந்தார்கள். "தம்பி, நீங்க வேல செஞ்ச படமாமே. எனக்குச் சொல்லவே இல்லியே?"

"அது ஒண்ணும் பாக்க மாதிரி இல்ல மதினி. எல்லாப் பேப்பர்லயும் திட்டிட்டான்."

"பேப்பர்காரன் கெடக்கான். இப்பம் தவக்காலம், நான் படம் பாக்க மாட்டேன். நல்ல வேள, ஈஸ்டர் முடிஞ்சுதான் போடுதாவ. என் கூட உக்காந்து நீங்கதான் சொல்லணும், எது நெசம், எது பொய்யின்னு. அவிய எப்பிடி நின்னுருப்பாவன்னு ஒரு தடவ பாத்துருதேன்."

சரி என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது?

ஏப்ரல் 16, புதன்.

அந்த வைதேகி போன் செய்தாள். குரல் சின்னப் பெண்ணின் குரல்.

"ஐயா, உங்க லெட்டர் படிச்சேன். பம்பை விட்டுப் போகக் கூடாதுன்னு நீங்களும் சொல்றீங்க, நானும் அதேதான் எழுதியிருக்கேன். எதைத் திருத்தணும்?"

"எவரும் ஓட மாட்டார்னு எழுதியிருக்கம்மா. அத எடுத்துரு."

"அப்போ ஓடினவங்க இருக்காங்களா?"

"இருக்கலாம்."

"உங்களுக்குத் தெரிஞ்சு எத்தனை பேர்?"

"ஒருத்தன்."

"அவர் ஓடினப்போ தண்ணி என்னாச்சு ஐயா?"

கேட்கத் தெரிந்தவள். நான் மோட்டார் ஓடுகிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். மோட்டார் ஓடவில்லை. தண்ணீர் நாளைக்குத்தான்.

ஏப்ரல் 17, வியாழன்.

தண்ணீர் வந்தது. நாற்பது நிமிடம்.

ஏப்ரல் 20, ஞாயிறு. கொண்டல்.

ஈஸ்டர். காட்சிக்கு முன்னால் மதினியிடம் பேசிவிடுவது என்று முடிவு செய்து காலையில் போனேன். பூசை முடிந்து வந்து வெள்ளைச் சேலையோடு சமையலில் நின்றார்கள். உட்கார வைத்து ரவை கேக்கும் கறியும் போட்டார்கள்.

"மதினி, அந்தப் படத்துல ஒரு காட்சி வரும்."

"ம்."

"அதுல பம்ப்..."

"பழுதான பம்பக் குடுத்துச் சாவடிச்சானுவளே, அதக் காட்டிருக்கானா? காட்டட்டும். அந்தப் பம்ப நெனச்சாலே எனக்கு வயிறு எரியும் தம்பி. ஒரு மெசினு. அது ஒழுங்கா ஓடியிருந்தா..."

நான் கேஸ் அடுப்பின் ரப்பர் குழாயைப் பார்த்தேன். வெடித்திருந்தது. கடைக்குப் போய்ப் புதுக்குழாய் வாங்கி வந்து மாட்டி, சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு இல்லை என்று பார்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்தப் பம்ப் நல்ல பம்ப். இதை எங்காவது எழுதி வைக்க வேண்டும். ஒருநாள்கூட அது என்னை ஏமாற்றியதில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்.

தியேட்டர் நிறையத் தீயணைப்புக்காரர்கள். பணியில் இருப்பவர்கள், ஓய்வுபெற்றவர்கள், குடும்பங்கள். இப்படி ஒரு கூட்டத்தோடு அந்தப் படத்தைப் பார்த்தால் அது வேறு படம். கதாநாயகன் தலைக்கவசத்தைச் சாய்த்துப் போட்டு வந்தபோதே சத்தம் ஆரம்பித்துவிட்டது. "ஏல, கொள்ளைக்குப் போறியா, தீக்குப் போறியா?" ஹோஸை ஒரு கையால் பிடித்தபோது, "அது செடிக்கு ஊத்துத ஹோஸ் மாப்ள!" மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சொர்ணம் அவர்களுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

பூட்ஸ் வரிசை வந்தது. "இது நெசம்" என்றேன். "தெரியும். வீட்டுலயும் செருப்ப அப்பிடித்தான் வப்பாவ" என்றார்கள்.

பிறகு அந்தக் காட்சி. கூரை சரிந்தது. கதாநாயகன் பம்பை விட்டுவிட்டு ஓடினான். தியேட்டரே இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு. "ஏ, பம்ப யாருல பாக்கா?" "கேஜு! கேஜு!" "ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போலே!" "சஸ்பெண்டு!"

மதினி சிரிக்கவில்லை. திரும்பி, "ஏன் தம்பி சிரிக்காவ? சேக்காளியத் தூக்கத்தான போறான்?" என்றார்கள்.

"பம்ப விட்டுப் போகக் கூடாது மதினி."

"போனா?"

"தண்ணி நின்னுரும்."

திரையைப் பார்த்தார்கள். தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. "இதுல நிக்கலியே?"

"இது படம்."

மதினி முந்தானையை மடியில் விட்டார்கள். பிறகு, "அன்னைக்கு நின்னுச்சுல்லா" என்றார்கள். கேள்வியாகக் கேட்கவில்லை.

"பம்ப் பழுதாகல மதினி. நான் போனேன்."

அதற்குள் திரையில் அவன் சிநேகிதனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். எங்கள் ஆட்கள் எல்லாரும் எழுந்து நின்று கேலியாகக் கைதட்டினார்கள்.

"அவிய கூப்பிட்டாவளா?"

"இல்ல."

"பெறகு எதுக்குப் போனீய?"

"கூரத் தகரம் விழுந்துச்சு. உள்ள அவன் இருந்தான்."

மதினி காலடியில் இருந்த பையை எடுத்தார்கள். சொர்ணம் காலை மடக்கி வழி விட்டாள். வெளிக்கதவு திறந்து வெயில் ஒரு பட்டையாக உள்ளே வந்து, மூடிக்கொண்டது. நான் மீதிப் படத்தை உட்கார்ந்து பார்த்தேன். ஆள் எண்ணும் காட்சி வந்தபோது தியேட்டரில் ஒரு சத்தம் இல்லை.

ஏப்ரல் 23, புதன்.

தண்ணீர் வந்தது. சொர்ணம் உள்ளே கூப்பிடவில்லை. காப்பியைத் தானே கொண்டுவந்து ஸ்டூல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 24, வியாழன். கச்சான்.

வைதேகிக்கு எழுதிய கடிதத்தின் நகல். பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

"அம்மா, தண்ணீர் என்னாச்சு என்று கேட்டாய். நின்றது. 1987இல் கூரைத் தகரம் சரிந்ததும், உள்ளே இருந்த சிநேகிதனைத் தேடி நான் பம்பை விட்டு முப்பது அடி ஓடினேன். புகையில் ஒன்றும் தெரியவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கையால் தடவினேன். திரும்பி வந்தபோது கேஜில் முள் பூஜ்யத்தில் இருந்தது. மறுபடி தண்ணீர் எடுக்க நான்கு நிமிடம் ஆயிற்று. தகரம் அவன் மேல் விழவில்லை என்று பிறகு தெரிந்தது. நான் நின்ற இடத்தில் நின்றிருந்தால் அவனே நடந்து வந்திருப்பான்.

"அப்போதைய அதிகாரி இப்போது உயிரோடு இல்லை. 'ஆள் தப்புன்னு எழுதினா விசாரணை வருசக்கணக்கா இழுக்கும், அவன் பொஞ்சாதிக்கு வேல கெடைக்காது. பம்புக்கு வாய் கெடையாது' என்றார். தலையாட்டினேன். பம்பைக் கழித்துக் கட்டினார்கள். ஆகவே: ஒன்று, பம்ப் பழுதாகவில்லை. இரண்டு, பயிற்சி பெற்றவனும் ஓடுவான். மூன்று, ஓடினால் படத்தில் காட்டுவது போல முடியாது. என் பெயர் போட்டே வெளியிடலாம். பெ. தங்கபெருமாள், பம்ப் இயக்குநர், ஓய்வு."

தபால் ரசீதை இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

ஏப்ரல் 26, சனி.

மதினி வீட்டுத் தெரு வழியாக மருந்துக் கடைக்குப் போனேன். அது சுற்று வழி. கதவு சாத்தியிருந்தது.

கடித நகலை வாசித்திருந்த சொர்ணம் கேட்டாள். "நெசமாவே தடவித் தேடுனீயளா?"

"ஆமா."

"எனக்குக்கூடச் சொல்லலியே."

"சொன்னா நீ என்ன செஞ்சிருப்ப?"

"மோட்டார் பக்கத்துல ரெண்டு ஸ்டூலு போட்டிருப்பேன்" என்றாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு.

அந்தப் பெண் போட்டுவிட்டாள். சினிமாப் பக்கத்தில் வலது கை ஓரம், பெட்டி கட்டி. என் கடிதத்தை ஒரு சொல் மாற்றாமல் அப்படியே. கீழே அவள் எழுதியது நான்கு வரி: "'எவரும்' என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அந்தக் காட்சியைப் பொய் என்றேன். அது பாதியில் நின்றுவிட்ட உண்மை என்று இப்போது எழுதுவேன். நட்சத்திரங்களில் மாற்றமில்லை."

நட்சத்திரத்தைக் கூட்டாதது சரிதான். படம் மோசம்.

நிலையத்திலிருந்து இரண்டு பேர் போன் செய்தார்கள். ஒருவன் திட்டினான். ஒருவன் "சரிண்ணே" என்று வைத்தான். படத்தை இன்றோடு தூக்கிவிட்டார்கள்.

ஏப்ரல் 29, செவ்வாய். கொண்டல், நல்ல காற்று.

தண்ணீர் 5.30க்கு வந்தது. 5.45க்கு மோட்டார் போட்டேன். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். வாசல் கதவுச் சத்தம் கேட்டது. பால்காரன் என்று நினைத்தேன். மதினி. கையில் அந்தப் பேப்பர், எட்டாக மடித்து.

எழுந்தேன். உட்காரச் சொல்ல இன்னொரு ஸ்டூல் இல்லை. அவர்கள் நின்றுகொண்டே, மோட்டாரைப் பார்த்துப் பேசினார்கள்.

"நீங்க சொல்லாம வச்சிருந்தது தப்பு தம்பி."

"ஆமா மதினி."

"ஒரு மெசினப் போட்டு முப்பத்தெட்டு வருசம் வஞ்சிட்டு இருந்திருக்கேன். அதுக்குத்தான் ஒரு வாரம் உங்க மொகத்துல முழிக்கக் கூடாதுன்னு இருந்தேன்."

மதினி பேப்பரை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்கள்.

"ஆனா ஒண்ணு. அன்னைக்கு எல்லாரும் சொன்னாவ, பம்பு நின்னுட்டு, யாரும் உள்ள போக முடியலன்னு. நானும் அதத்தான் நெனச்சிட்டு இருந்தேன். இவ்வளவு பேரு வெளிய நின்னு பாத்துட்டு இருந்திருக்காவ, அவிய மட்டும் உள்ள தனியா கெடந்திருக்காவன்னு. ராத்திரி படுத்தா அதான் வரும்." பேப்பரைப் பிரித்து ஒரு வரியில் விரலை வைத்தார்கள். "'பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்'னு போட்டிருக்கு. என்னன்னு கூப்பிட்டீய?"

"சூசைன்னுதான்."

"அவியளுக்குக் கேட்டிருக்குமா?"

தெரியாததைத் தெரியும் என்று நான் சொல்வதில்லை. "தெரியல மதினி. கத்தித்தான் கூப்பிட்டேன்."

தலையாட்டினார்கள். மேல்தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து சொர்ணம், "காப்பி போட்டாச்சு. மதினிக்கும் சேத்துத்தான்" என்று குரல் கொடுத்தாள்.

"மோட்டார் ஓடுது" என்றேன், பழக்கத்தில்.

மதினி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என் ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். "எதப் பாக்கணும்? இந்தச் சத்தம் மாறுதான்னா?"

"சத்தம் மாறினா உடனே அணைக்கணும். செவப்பு பொத்தான்."

"சரி. போய்ச் சூடாக் குடிச்சிட்டு வாங்க. நான் எங்கயும் போக மாட்டேன்."

6.10: பம்ப் பொறுப்பு திருமதி செலஸ்தினா சூசைமிக்கேலிடம் ஒப்படைக்கப்பட்டது. தண்ணீர் தடையின்றி ஓடியது.